சாதி இல்லை என்கிறீர்களா? சோதித்துக் காட்டுங்கள்

"எங்க கம்பெனியில சாதியெல்லாம் கிடையாது தம்பி, திறமைதான்."

பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிச் சென்னைப் பக்கம் போன எந்தத் தலித் இளைஞனும் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டான். சொல்றவங்க பல பேரு நல்ல மனசோடதான் சொல்றாங்க. கேட்க நமக்கும் இதமாத்தான் இருக்கு. ஊரில் கூடவே வந்த சாதி, பரனூர் டோல்கேட் தாண்டினதும் பஸ்ஸை விட்டு இறங்கிப் போயிடுச்சுன்னு நம்ப யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆனா நம்புறதுக்கு எனக்குச் சம்பளம் கிடையாது. சோதிக்கத்தான் சம்பளம். 'கனெக்டட் கார்' என்று விளம்பரத்தில் வருகிறதே, இணையத்தோடு இணைந்த கார், அதற்குள் இருக்கிற கருவிகளைச் சோதிக்கிற டெஸ்ட் இன்ஜினியர் நான். திருவண்ணாமலைப் பக்கத்துச் சேரிக்காரன். இந்தத் தொழிலில் கற்றுக்கொண்ட முறையை வைத்தே மேலே சொன்ன வசனத்தைச் சோதிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வேலையைப் பற்றிக் கொஞ்சம். காரின் டேஷ்போர்டுக்கு உள்ளே கைக்கு அடக்கமான ஒரு பெட்டி இருக்கும். அதில் செல்போனில் இருப்பது போல ஒரு சிம், இடம் காட்டும் ஜிபிஎஸ். வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகம், கதவு பூட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் அது கம்பெனியின் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி போனிலேயே ஏசியைப் போடலாம், கதவைப் பூட்டலாம். வண்டி மோதினால் தானாகவே உதவிக்குக் கூப்பிடும். 2019 மே மாதம் ஹூண்டாய் வென்யூவும் ஜூனில் எம்ஜி ஹெக்டரும் இதைச் சொல்லித்தான் விற்பனைக்கு வந்தன.

பணக்காரன் சொகுசு, நமக்கெதுக்கு என்று தள்ளிவிட வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் இருக்க வேண்டும் என்கிறது ஏஐஎஸ் 140 என்ற தரவிதி. பஸ்ஸுக்கும் வாடகைக் காருக்கும் இதே சங்கதிதான். பொத்தானை அமுக்கியும் செய்தி போகவில்லை என்றால் அது உயிர்ப் பிரச்சினை.

எங்கள் வேலையில் நாலு கட்டம் போட்ட ஒரு தாள் உண்டு. என்ன செய்யணும், என்ன நடக்கணும், என்ன நடந்தது, தேறியதா தோற்றதா. நாலாவது கட்டத்தை வாயால் நிரப்ப முடியாது. பதிவு வேண்டும். எந்த நொடியில் பொத்தான் அமுங்கியது, எந்த நொடியில் செய்தி போனது என்று கருவியே எழுதி வைத்த வரிகள் இருக்க வேண்டும். "நேத்து ஓடிச்சு சார்" என்றால் எவனும் ஒத்துக்க மாட்டான். பழுது கண்டுபிடித்து எழுதினால் புரோகிராம் எழுதியவர் முதலில் சொல்வது ஒன்றே ஒன்று: "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது?" உங்க மெஷின்ல ஓடுறது எனக்குச் சாட்சி இல்ல சார், தெருவுல ஓடணும் என்பதுதான் எங்கள் பதில்.

2015இல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு பேர், நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோகி வண்டியைத் தூரத்தில் உட்கார்ந்தபடி அதன் இணைய இணைப்பு வழியாகவே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஓட்டியவர் ஒரு பத்திரிகையாளர், சோதனை என்று தெரிந்தே ஓட்டினார். கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. கதவு மூடியிருக்கு என்று உள்ளே இருக்கிறவன் சொல்வதை நம்பாதே, வெளியிலிருந்து தள்ளிப் பார் என்பது அந்தச் சம்பவம் எங்கள் தொழிலுக்குச் சொன்ன பாடம்.

எங்கள் ஊரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலை உச்சியில் தீபம் ஏறும் நேரத்தில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே நேரத்தில் போனைத் தூக்கிப் படம் பிடித்து அனுப்புவார்கள். டவர் திணறிவிடும். சோதனைக் கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெட்டி அங்கே முழி பிதுங்கி நிற்கும். இணையம் கிடைக்காதபோது குறுஞ்செய்தி வழியாகவாவது ஆபத்துச் செய்தியை அனுப்புகிறதா என்று அந்த மாதிரி நெரிசலில்தான் பார்க்க வேண்டும். கூட்டமே இல்லாத ரோட்டில் ஓட்டிவிட்டு 'தேறியது' என்று எழுதினால் அது மோசடி. (விடிந்ததும் அந்த 14 கிலோமீட்டர் குப்பையை அள்ளுகிறவர்கள் யார் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

ஆக, எழுதி வைத்தது வேறு, நடப்பது வேறு. இது தலித் மக்களுக்குப் புதிய செய்தியா? சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. 'என்ன நடக்கணும்' என்ற கட்டத்தில் எழுதியாகிவிட்டது: எல்லா இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம். 'என்ன நடந்தது' என்ற கட்டத்தைப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூர். அறநிலையத் துறையின் கீழ் இருக்கிற முத்துமாரியம்மன் கோயில். அங்கே தலித் மக்கள் உள்ளே நுழைந்தது 2023 ஜனவரி 30. மாவட்ட ஆட்சியர் நேரில் நின்று, போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தார்கள். சாதி இந்துக்கள் அன்றைக்கே எதிர்ப்புக் காட்டினார்கள். சட்டத்துக்கும் நுழைவுக்கும் நடுவில் 75 வருசம். இந்த 75 வருசமும் "கோயில் எல்லாருக்கும் பொதுதான்" என்று காகிதம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நம்ம ஜனங்க வாசலில் போய் நின்றபோதுதான் அது தோற்றது என்று உலகத்துக்குத் தெரிந்தது.

இப்போது கம்பெனிக்கு வருவோம்.

வடக்கே பெயருக்குப் பின்னால் சாதி இருக்கும். நம்ம நாட்டில் சுயமரியாதை இயக்கம் அதை வெட்டி எறிந்தது. பெயரில் தெரியாததால் நேர்முகத் தேர்வில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நான் போன ஒரு இடத்தில் கேள்விகள் இப்படி வந்தன: "சொந்த ஊர் எது?" திருவண்ணாமலை சார். "டவுனா?" இல்ல சார், பக்கத்துல கிராமம். "கிராமத்துல எந்தப் பக்கம்? பெரிய கோயில் தெருவா?" இல்ல சார். "அப்பா என்ன பண்றார்?" கூலி வேலை சார். "ஸ்காலர்ஷிப்ல படிச்சீங்களா?" ஐந்து கேள்வியில் ஒன்றுகூட வேலையைப் பற்றி இல்லை. 'சாதி' என்ற சொல்லும் ஒரு தடவைகூட வரவில்லை. நம்ம பசங்க எத்தனை பேரைக் கேட்டாலும் இந்தக் கேள்விப் பட்டியல் பெரிதாக மாறாது.

உள்ளே போனால் அடுக்கு. மேலே கார் கம்பெனி. அதற்குப் பெட்டி செய்து கொடுக்கிற பெரிய சப்ளையர். அவருக்கு ஆள் கொடுக்கிற இன்ஜினியரிங் சர்வீஸ் கம்பெனி. அதற்கும் கீழே ஆள் பிடித்துத் தரும் கான்ட்ராக்ட்காரர். கடைசியில் ராத்திரி பகலாக வண்டி ஓட்டுகிற டெஸ்ட் டிரைவர். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம் அடுக்குக்கு அடுக்கு வேறு. வடிவமைப்பவர் மேலே, புரோகிராம் எழுதுபவர் அடுத்து, சோதிப்பவர் அதற்குக் கீழே. "டெஸ்டிங்தானே?" என்பதில் ஒரு இளக்காரம் இருக்கும். சாதி என்பது வேலையைப் பிரிப்பது அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். மேல் அடுக்கில் நம்மாள் அரிது, கீழே இறங்க இறங்க முகங்கள் நமக்குத் தெரிந்த முகங்களாக ஆகும். இது நான் கண்ணால் பார்த்தது. இதற்குக் கணக்கு எங்கே என்று கேட்டால் கணக்கு கிடையாது. அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை என்பதுதான் என் புகாரே.

யார் சோதிக்கிறார்கள் என்பதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். வழிகாட்டும் வரைபடத்தையும், பேசினால் புரிந்துகொள்ளும் வசதியையும் நாங்கள் சோதிப்போம். ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்போம். எங்கள் பட்டியலில் கோயில் இருந்தது, மண்டபம் இருந்தது, ஓட்டல் இருந்தது. எங்கள் ஊர் பஸ் நிறுத்தம் வரைக்கும் வரைபடத்தில் பெயர் இருந்தது. அதைத் தாண்டிக் காலனிக்குப் போகிற ரோடு பெயரில்லாத ஒரு கோடு, பாதி வழியில் அதுவும் நின்றுவிட்டது. நான் என் தெருவைப் பட்டியலில் சேர்த்தபோது, "இதெல்லாம் எட்ஜ் கேஸ், இங்க யாரு கார்ல போகப் போறாங்க?" என்றார் ஒருவர். எட்ஜ் கேஸ் என்றால் ஓரத்தில் எப்போதாவது நடப்பது. ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்கு வருவது அவருக்கு ஓரமாகப் படுகிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பெயர் போகலாம், தெரு வரைபடத்தில் வரணுமே. அங்கிருந்து வந்தவன் சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தால்தான் அந்தத் தெரு சோதனைக்கே வரும்.

"இதெல்லாம் உன் தனி அனுபவம், பொதுவா சொல்லாதே" என்பார்கள். சரி. எங்கள் தொழிலில் ஒரு பழுதை நிரூபிக்க வழி என்ன? எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. முடிவு மாறினால் காரணம் அந்த ஒன்றுதான். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் இதைத்தான் செய்தார்கள். தனியார் கம்பெனிகளின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே படிப்பு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயரை மட்டும் மாற்றினார்கள். ஒன்று மேல்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். ஆய்வு 2007இல் வெளியானது. மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. தகுதி ஒன்று, பெயர் வேறு, முடிவு வேறு. ஒரு டெஸ்ட் இன்ஜினியராகச் சொல்கிறேன், இதைவிடச் சுத்தமான சோதனை கிடையாது. "என் மெஷின்ல ஓடுதே" மாதிரி "நான் சாதி பார்த்ததே இல்லையே" என்று யார் சொன்னாலும் இந்தப் பழுது மூடிக்கொள்ளாது.

தனியார் கம்பெனி தன் காசில் நடத்துகிறது, யாரை எடுத்தால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையை அடுத்து, 1892இல் பஞ்சமி நிலம் கொடுக்க அரசாணை வந்தது. அந்த நிலம் எப்படிப் பறிபோனது என்பது உங்களுக்குத் தெரியும். அதே செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அடுத்த சில வருசங்களில் அதே பழைய மாவட்டத்தில் மறைமலை நகரில் ஃபோர்டும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் வந்தன. அரசு நிலம் ஏற்பாடு செய்தது, ரோடு போட்டது, வரிச் சலுகை கொடுத்தது. நிலம் கேட்ட நம்மாளுக்குக் குண்டு, கம்பெனிக்குச் சலுகை.

இன்றும் அதே கதைதான். கார் மற்றும் உதிரிபாகத் தொழிலுக்கு ஒன்றிய அரசு 2021 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்த ஊக்கத்தொகைத் திட்டத்தின் மதிப்பு 25,938 கோடி ரூபாய். அதை வாங்க வேண்டுமானால் பொருளின் மதிப்பில் 50 சதவீதம் உள்நாட்டில் உருவானது என்று கணக்குக் காட்ட வேண்டும். பாருங்கள், திருகாணி எந்த நாட்டுத் திருகாணி என்று எண்ணத் தெரிகிறது. அதைத் திருகுகிறவன் எந்தச் சேரியிலிருந்து வந்தான், மேல் நாற்காலியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணத் தெரியாதாம்.

இதைக் கேட்டபோது தொழிலதிபர்கள் என்ன செய்தார்கள்? 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிப் பேச்செடுத்தது. சட்டம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று 2006 வாக்கில் முதலாளிகள் சங்கங்கள் 'தன்னார்வ நடத்தை விதி' எழுதிக்கொண்டன. இருபது வருசமாகப் போகிறது. நான் கேட்கிறேன்: ஒரு கம்பெனி தன் காரின் பிரேக்கைத் தானே சோதித்து, தானே சான்றிதழ் எழுதிக்கொண்டு விற்க முடியுமா? முடியாது. ஏஆர்ஏஐ மாதிரி, ஒரகடத்தில் இருக்கிற வாகன ஆராய்ச்சி மையம் மாதிரி அங்கீகாரம் பெற்ற மூன்றாம் ஆளிடம் கொடுத்துச் சோதித்துத்தான் விற்க வேண்டும். பிரேக்குக்கு மூன்றாம் ஆள், சாதிக்கு மட்டும் சுயசான்றா?

சட்டம் போட்டால் கம்பெனி ஓடிவிடும் என்பது அடுத்த பூச்சாண்டி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது, 2022இல் மறைமலை நகரில் வேலை நின்றது. அப்போது எந்த இடஒதுக்கீடு அவர்களை விரட்டியது? பிஎம்டபிள்யூ நம்ம சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலும் கார் செய்கிறது, தென்னாப்பிரிக்காவில் ராஸ்லினிலும் செய்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் ஆண்டின் வேலைச் சமத்துவச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் எந்த இனத்தார் எந்தப் படியில் எத்தனை பேர் என்று அரசுக்கு வருசா வருசம் கணக்குக் கொடுத்தாக வேண்டும். அங்கே கொடுக்க முடிகிற கணக்கை இங்கே கேட்கச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் 1965இல் ஜான்சன் போட்ட ஆணைப்படி அரசு ஒப்பந்தம் வாங்கும் கம்பெனிகள் எல்லா இனத்தாருக்கும் வாய்ப்புக் கொடுக்க முயற்சி எடுக்கக் கடமைப்பட்டிருந்தன. அது சட்டம் அல்ல, ஆணை. 2025 ஜனவரியில் டிரம்ப் ஒரே கையெழுத்தில் அதை ரத்து செய்தார். நமக்கு அதில் பாடம் உண்டு: அரசாணை போதாது, சட்டம் வேண்டும். தனியார் கல்லூரியில் இடஒதுக்கீட்டுக்கு 2005இல் அரசியல் சட்டத்தையே திருத்த முடிந்தது. வேலைக்கு ஏன் முடியாது?

இயக்கத் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நிலம், வன்கொடுமை, சுடுகாட்டுப் பாதை என்று ஆயிரம் இருக்கும்போது கார் பெட்டி சோதிக்கிறவன் கவலை ஒரு கவலையா என்று சிலர் நினைக்கலாம். 2012இல் வந்த அரசாணை 92ஆல் கல்விக் கட்டணம் கிடைத்து, சுயநிதிக் கல்லூரிகளில் நம்ம பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். படித்தவர்களுக்கு அரசு வேலை எத்தனை? 18 சதவீதம் என்பது சுருங்கிக்கொண்டே போகும் வீட்டில் நமக்கு ஒதுக்கிய அறை. வேலை இருக்கிற புது வீட்டில் நமக்கு அறையே கிடையாது. அதற்குள் தனியாக நுழைந்தவன் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டு, மதியச் சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று மறைத்துக்கொண்டு வேலை செய்கிறான். அவனைத் தனியாக விட்டுவிட்டு இயக்கம் வளராது.

கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, அரசு நிலம், சலுகை, ஊக்கத்தொகை வாங்குகிற ஒவ்வொரு கம்பெனியும் எந்தப் படியில் எந்தச் சாதியார் எத்தனை பேர் என்று வருசா வருசம் வெளியிட வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களும் அதில் வர வேண்டும், அருந்ததியர், பழங்குடியினர் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இரண்டு, 2021இல் அமைந்த மாநில எஸ்சி, எஸ்டி ஆணையம் தோரட் செய்த சோதனையைத் தமிழ்நாட்டில் வருசந்தோறும் நடத்த வேண்டும். இங்கே பெயருக்குப் பதிலாக ஊர், தெரு, கல்வி உதவித்தொகை இவற்றை மாற்றிப் பார்க்கட்டும். மூன்று, தனியார் துறை இடஒதுக்கீட்டுக்குச் சட்டம்.

மாணவத் தோழர்கள் இதற்காக மாநாடு வரை காத்திருக்க வேண்டாம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். உங்கள் மாவட்டத்துக் கம்பெனிக்கு சிப்காட் எத்தனை ஏக்கர் என்ன விலைக்குக் கொடுத்தது, அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் எத்தனை பேருக்கு வேலை என்று எழுதியிருக்கிறது, அதில் எஸ்சி, எஸ்டி பற்றி ஒரு வரியாவது உண்டா என்று கேளுங்கள். 'தகவல் இல்லை' என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். பதிவே இல்லாத சோதனையை எங்கள் தாளில் 'தேறியது' என்று எழுத மாட்டோம்.